வெளிநாடு போகிறவர் பணம் எங்கே கரைகிறது?

"கமிஷன் எவ்வளவு தம்பி?"

"கமிஷனே கிடையாதும்மா!"

அந்நிய நாணயம் மாற்றும் இடங்களில் தினமும் நடக்கிற சம்பாஷணை இது. கேட்ட அம்மாளுக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று எண்ணிக்கொண்டு பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். கமிஷன் இல்லை என்று சொன்னது பொய்யல்ல. ஆனால் தர்மத்துக்கு யாரும் கடை நடத்துவதில்லை. கடைக்காரரின் கூலி, நாணயத்தின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மதுரைச் சீமையில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நகருக்குத் தெற்கே இருக்கும் விமான நிலையத்திலிருந்து 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வழிகள் திறந்தன. 2025 ஜூனில் அபுதாபிக்கும் விமானம் விடப்பட்டது. அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும் பணக்காரர்கள் மட்டுமா நிற்கிறார்கள்? உசிலம்பட்டி பக்கத்திலிருந்து முதல் முறையாக வேலைக்குப் போகும் இளைஞன் நிற்கிறான். மகளின் பிரசவத்துக்காக மேலூரிலிருந்து சிங்கப்பூர் போகும் தாய் நிற்கிறாள். உம்ரா யாத்திரை போகிறவர், இலங்கையில் கதிர்காமம் தரிசிக்கப் போகிறவர் எல்லோரும் நிற்கிறார்கள். இவர்கள் கொண்டுபோகும் பணத்தில் ஒவ்வொரு நூறு ரூபாயும் எண்ணிச் சேர்த்த பணம்.

அனுமதி சுலபம், விலை மர்மம்

ஒரு காலத்தில் அந்நியச் செலாவணி என்றாலே பயம். 1947ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிடக் கடுமையான 1973ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படிக் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. பணம் இருந்தாலும் டாலர் கிடைக்காது. 1999இல் இயற்றப்பட்ட 'பெமா' சட்டம் 2000 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்ததும் நிலைமை மாறியது. 2004இல் தனி மனிதர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றார்கள். இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர். சாதாரணக் குடும்பம் அந்த எல்லையை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

ஆகவே, அனுமதி இன்று பெரிய பிரச்னை அல்ல. விலைதான் பிரச்னை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஏறியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோதும் பத்திரிகைகள் எழுதின. அந்த ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு பிரயாணியும் கொடுக்கும் மாற்றுக் கூலி ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பலகையில் இரண்டு விலை

நாணய மாற்றுக் கடையில் ஒரு விலைப் பலகை இருக்கும். அதை வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு விலைகள் காணும். ஒன்று, நம்மிடமிருந்து அவர்கள் வாங்கும் விலை. மற்றொன்று, நமக்கு அவர்கள் விற்கும் விலை. பாங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் மார்க்கெட் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முக்கியமான அந்த மூன்றாவது விலை மட்டும் பலகையில் இராது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. மல்லிகைக்கு விவசாயி பெறும் விலை வேறு. கடையில் நாம் கொடுக்கும் விலை வேறு. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. ஆனால் பூ வாங்கும்போது நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஒரு முழத்துக்கு ஐந்து ரூபாய் குறையாதா என்று பேரம் பேசுகிறோம். லட்ச ரூபாய்க்கு டாலர் வாங்கும்போது வாய் திறப்பதில்லை! சர்க்கார் நிர்ணயித்த விலை அது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு நிர்ணயம் கிடையாது. கடைக்குக் கடை விலை மாறும். கேட்டால் குறையவும் குறையும்.

ஒரு கணக்கு

மேலூர்த் தாயின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான்; அன்றாட விலை மாறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றின் மார்க்கெட் விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் விலை 73, வாங்கும் விலை 67.

லட்ச ரூபாய்க்கு அவள் கையில் கிடைப்பது 1,370 வெள்ளி. மார்க்கெட் விலையில் கிடைத்திருக்க வேண்டியது ஏறத்தாழ 1,429 வெள்ளி. குறைந்தது 59 வெள்ளி. அதாவது சுமார் 4,100 ரூபாய். மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது 300 வெள்ளி மீதி. அதை 67 ரூபாய்க்குக் கொடுத்தால் மேலும் 900 ரூபாய் நஷ்டம். இதற்கு மேல் சரக்கு சேவை வரி வேறு. லட்ச ரூபாய் மாற்றினால் அதில் ஒரு சதவீதத்தை, அதாவது 1,000 ரூபாயை, சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன் மீது 18 சதவீதம் போடுகிறார்கள். அது 180 ரூபாய். மீதியைத் திருப்பி மாற்றும்போது குறைந்தபட்ச வரி 45 ரூபாய்.

ஆக மொத்தம் 5,200 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கமிஷனே இல்லை என்றுதானே சொன்னார்கள்? அதே தாய் விலை விசாரித்து, 70 ரூபாய் 70 காசுக்கு வாங்கியிருந்தால் வாங்கியதில் நஷ்டம் ஆயிரம் ரூபாயோடு நின்றிருக்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கடைக்காரருக்கு வாடகை உண்டு, சம்பளம் உண்டு. வாங்கி வைத்த நோட்டின் விலை மறுநாள் இறங்கினால் அவருக்குத்தான் நஷ்டம். ஆகவே, அளவான லாபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே தெருவில் ஒருவர் ஒரு சதவீதத்துக்கும் மற்றொருவர் நாலு சதவீதத்துக்கும் மாற்றிக் கொடுக்கிறார் என்றால், அந்த வித்தியாசம் வாடகையால் வந்ததல்ல. நாம் கேட்காததால் வந்தது.

அட்டையிலும் கரைகிறது

"நோட்டு வேண்டாம், பாங்கி அட்டையைத் தேய்த்துக்கொள்கிறேன்" என்கிறார்கள் இளைஞர்கள். அதிலும் கவனம் தேவை. சாதாரணமான கடன் அட்டை, டெபிட் அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத வரி. 10,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், 3.5 சதவீதக் கணக்கில் 413 ரூபாய் தனியாகப் போகும். இந்தக் கட்டணமே இல்லாத அட்டைகளும் சில இருக்கின்றன. ஆனால் நிலையான சம்பளமும் பாங்கியில் நல்ல பெயரும் உள்ளவர்களுக்குத்தான் அவை எளிதில் கிடைக்கின்றன.

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் இன்னும் சிக்கல். நம் பாங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். அந்த ஊர் பாங்கி வேறு ஒன்று பிடிக்கும். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவைக்கு 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள். எடுக்கும் தொகை சிறிதானாலும் பெரிதானாலும் அதே கட்டணம்தான். சிறுகச் சிறுகப் பத்துத் தடவை எடுப்பவர் பத்துத் தடவை தண்டம் அழுகிறார். எடுப்பதானால் ஒரே தடவையில் எடுப்பது மேல்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்நிய ஊர்க் கடையில் அட்டையைக் கொடுத்ததும், "உங்கள் ரூபாயிலேயே கணக்குப் போடட்டுமா?" என்று இயந்திரம் கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷம் வரும். உடனே சரி என்று அழுத்திவிடுவோம். அழுத்தாதீர்கள்! அங்கே ரூபாய்க்கு மாற்றுபவர் தன் இஷ்டப்படி விலை போட்டுக்கொள்கிறார். பெரும்பாலும் அது நம் பாங்கி போடும் விலையைவிட மோசமாக இருக்கும். சிங்கப்பூரில் வெள்ளி, துபாயில் திர்ஹாம் என்று அந்தந்த ஊர் நாணயத்திலேயே கணக்குப் போடச் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே அந்நிய நாணயத்தை நிரப்பிக்கொண்டு போகும் பிரயாண அட்டையும் உண்டு. எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே அதில் நிரப்ப வேண்டும். டாலரை நிரப்பிக்கொண்டு மலேசியாவில் ரிங்கிட்டாகச் செலவழித்தால் இரண்டு முறை மாற்றம், இரண்டு முறை நஷ்டம்.

உண்டியலின் கதை

இந்தக் கூலியைத் தவிர்க்க நம் பக்கத்தில் பலருக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். அதன் பெயர் உண்டியல்.

அந்தப் பெயருக்குக் கௌரவமான சரித்திரம் உண்டு. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், ஒரு காகிதத் துண்டை நம்பிப் பெரும் தொகைகளை மாற்றினார்கள். ரங்கூனில் கொடுத்த பணத்தைக் காரைக்குடியில் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதந்தான் உண்டியல். அந்தப் பரம்பரையில் வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அந்நியச் செலாவணிக்கென்றே 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தன. தமிழனுக்கு நாணய மாற்று புதிய வித்தையல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்று உண்டியல் என்பது வேறு. அனுமதியில்லாத ஆளிடம் இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே யாரோ திர்ஹாம் கொடுப்பார். அங்கே கொடுத்தால் இங்கே வீடு தேடி ரூபாய் வரும். கூலி குறைவு, வேகம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது பெமா சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஏமாற்றப்பட்டால் போலீஸுக்குப் போகவும் வழியில்லை. அந்தப் பணம் எந்தக் குற்றத்திலிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

உண்டியலைக் கண்டிப்பது சரி. ஆனால் கண்டித்தால் மட்டும் போதாது. நேர் வழியில் சுங்கம் அதிகமானால் குறுக்கு வழியில் கூட்டம் சேரத்தான் செய்யும். நேர் வழியை மலிவாக்குவதுதான் நிலையான பரிகாரம்.

புதிய வழிகள்

நல்ல அறிகுறிகளும் தெரிகின்றன. டீக்கடையில் கைப்பேசியைக் காட்டிப் பணம் கொடுக்கும் யு.பி.ஐ. முறை கடல் தாண்டிவிட்டது. பூட்டானிலும் நேபாளத்திலும் அது நுழைந்தது. 2024 பிப்ரவரி 12ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாட்டிலும் பல கடைகளில் ஏற்கிறார்கள். புறப்படுவதற்கு முன் கைப்பேசியில் வெளிநாட்டு உபயோகத்தை இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன், எத்தனை ரூபாய் பிடிக்கப் போகிறது என்று திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கடையிலும் இது செல்லாது. ஆகவே, கையில் கொஞ்சம் நோட்டும் இருக்கட்டும்.

2023 பிப்ரவரி 21ஆம் தேதி நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இணைக்கப்பட்டன. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை என்ற அளவில் அது ஆரம்பமாயிற்று. முதலில் சேர்ந்த பாங்கிகளில் நம் இந்தியன் பாங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் உண்டு. காரைக்குடிக்கும் ரங்கூனுக்கும் இடையே காகிதம் செய்த வேலையைக் கைப்பேசி இன்று நிமிஷத்தில் செய்கிறது, அதுவும் சட்டப்படி.

வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் நேபாளத்தில் இருக்கிறது. அங்கே போகும் யாத்திரிகர்கள் டாலரைத் தொடவே வேண்டாம். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று 1993 முதல் விலை நிலையாக இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டுகளாக எடுத்துப் போவது சௌகரியம்.

சுற்றுலாக் கம்பெனிகள் மூலம் மொத்தமாகப் பணம் கட்டிப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தொகையோடு முன்வரி ஒன்றும் வசூலிக்கப்படுகிறது. 5 சதவீதமாகவும் 20 சதவீதமாகவும் இருந்த அதை 2 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இது கூலியல்ல, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். கணக்குக் கொடுக்காதவர்களுக்கு அது போனது போனதுதான்.

மனதில் வைக்க வேண்டியவை

டாலரோ வெள்ளியோ, ரிசர்வ் பாங்கி அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் வாங்க வேண்டும், ரசீது அவசியம். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. பாங்கி மூலம்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பிரயாணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாகக் கொண்டுபோகலாம். மீதியை அட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தபின் மீதியுள்ளதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் போகப்போகிறவர் மீதியை மாற்றாமல் வைத்திருப்பதே லாபம்.

விமானம் ஏறும் அவசரத்தில் நாணயம் மாற்றாதீர்கள். அவசரக்காரனிடம் பேரம் செல்லாது என்பது வியாபாரிக்குத் தெரியும். சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாணய மார்க்கெட்டுக்கு விடுமுறை. திங்களன்று விலை எப்படியிருக்குமோ என்று சிலர் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். வார நாளில், நாலு இடம் விசாரித்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் மலிவான மாற்றம், மாற்றாமல் இருப்பதுதான். மகள் வீட்டுக்குப் போகும் தாய்க்கு அங்கே பெரிய செலவு இல்லை. மகள் தன் சம்பாத்தியத்தில் செலவழித்தால் நாணய மாற்றே தேவையில்லை. ஆனால் பேரனைப் பார்க்க வெறுங்கையோடு போக எந்தத் தாய்தான் சம்மதிப்பாள்? அந்தத் தன்மானத்தையும் மதிக்க வேண்டும். அவள் சேலை முடிச்சில் கொண்டுபோகும் இருநூறு வெள்ளி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

சர்க்கார் என்ன செய்யலாம்?

ஐரோப்பிய யூனியனில் ஒரு நல்ல விதி இருக்கிறது. அட்டையில் நாணயம் மாற்றுபவர், ஐரோப்பிய மத்திய பாங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் அதிகம் வாங்குகிறார் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து இது அமலில் இருக்கிறது. கூலி வாங்காதே என்று அந்த விதி சொல்லவில்லை. மறைக்காதே என்று சொல்கிறது.

நம் நாட்டிலும் அந்தத் திசையில் ஒரு முயற்சி நடந்தது. 2019 ஆகஸ்டில் 'எப்.எக்ஸ். ரீடெய்ல்' என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. சாதாரண வாடிக்கையாளரும் பாங்கி மூலம் மார்க்கெட் விலையிலேயே டாலர் வாங்கலாம். பாங்கியின் கூலி தனி. விலை வேறு, கூலி வேறு என்று பிரித்துக் காட்டுவதுதான் இதன் சிறப்பு. ஆனால் உசிலம்பட்டி இளைஞனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கடைப் பலகையில் இரண்டு விலைக்குப் பக்கத்தில் மூன்றாவதாக மார்க்கெட் விலையையும் எழுத வேண்டும். ரசீதில், "இந்த மாற்றத்துக்கு உங்களிடம் வாங்கிய கூலி இத்தனை ரூபாய்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இதற்குச் சர்க்காருக்குக் காலணா செலவில்லை. விஷயம் தெரிந்த பணக்காரருக்குக் கட்டணமே இல்லாத அட்டை கிடைக்கிறது. தெரியாத ஏழைதான் நூற்றுக்கு நாலும் ஐந்தும் கொடுக்கிறான். இந்த அநீதி அந்த ஒரு வரியில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த வரி வரும்வரை நாமே கேட்க வேண்டியதுதான். கமிஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "என் கையிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகிறது? என் கைக்கு எத்தனை வெள்ளி வருகிறது?" என்று கேளுங்கள். பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்கும் போய் இதையே கேளுங்கள். பூக்கடையில் செய்வதை நாணயக் கடையிலும் செய்தால் போதும்; சிங்கப்பூரில் பேரன் கைக்கு இன்னும் ஐம்பது வெள்ளி போய்ச் சேரும்.